இரவல் உரையாடல்

மக்கள் கூடிப் பேசுமிடத்தில் சிரிப்புப் பிறக்கிறது. சிரிப்புப் பிறக்குமிடத்தில் உறவு வளர்கிறது. இவ்வுண்மையையே முதலாக வைத்து வளர்ந்த கலைவடிவம் ஒன்று உண்டு. அதுவே தொலைக்காட்சியின் நகைச்சுவை நேர்காணல். புகழ்பெற்ற ஒருவரை அழைத்து அமர்த்தி, சீண்டியும் சிரிக்கவைத்தும் ஒரு மணி நேரத்தைப் போக்குவது இதன் அமைப்பு. இதில் கதை இல்லை. தொடக்கமும் முடிவும் கொண்ட நிகழ்ச்சிக் கோவையும் இல்லை. எனினும், தேக்காவின் உணவகங்கள் முதல் ஈசூன், உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைகள் வரை இதற்குச் சுவைஞர் உளர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் கூடும் வெளிநாட்டு ஊழியர்களின் கைப்பேசிகளிலும் இதன் துணுக்குகள் ஓடுகின்றன. இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது? இது தருவது யாது? கவர்ந்து செல்வது யாது? இவை ஆராய்தற்குரியன.

இவ்வடிவம் அமெரிக்காவில் உருப்பெற்றது. 1954இல் தொடங்கிய ‘டுநைட் ஷோ’வை ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் நடத்தினார். மேசை ஒன்று, அருகில் விருந்தினர் இருக்கை, எதிரே கைதட்டும் அவை என்னும் அமைப்பு அங்கே நிலைபெற்றது. இந்தியாவில் 1972இல் தூர்தர்ஷனில் தபஸ்ஸும் திரைக்கலைஞர்களுடன் உரையாடத் தொடங்கினார். 2004இல் கரண் ஜோஹரின் ‘காபி வித் கரண்’ தோன்றியது. அதன் வழியில் தமிழில் விஜய் தொலைக்காட்சி அனு ஹாசனையும் பின்னர் திவ்யதர்ஷினியையும் கொண்டு இத்தகைய நிகழ்ச்சிகளைப் படைத்தது. அதே நிலையத்தின் ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் போட்டியாளராகத் தோன்றிய சிவகார்த்திகேயன், ‘அது இது எது’ நிகழ்ச்சியை நடத்தி, பின்னர்த் திரைநாயகரானார். அவையில் ஒருவராக இருந்தவர் நாற்காலிக்கு உரியவரானார் என்னும் எண்ணம் காண்போர் நெஞ்சில் நெருக்கத்தை விதைத்தது.

இந்நெருக்கமே கவர்ச்சியின் முதற்காரணம். டொனால்டு ஹார்டன், ரிச்சர்டு வோல் என்னும் இரு சமூகவியலறிஞர் 1956இலேயே இதனை ஆராய்ந்தனர். திரையில் தோன்றுபவர் தம்மிடமே பேசுவதாகக் காண்போர் உணர்கின்றனர். நாளடைவில் அவரைத் தம் நண்பராகவே கருதுகின்றனர். ஆனால் அந்நட்பு ஒருபக்கத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. தமிழர்க்கு இது மேலும் எளிதாகின்றது. அண்ணா, அக்கா, தம்பி என்று உறவுமுறை சொல்லி அழைப்பது நம் வழக்கு. தொகுப்பாளர் நடிகரை ‘அண்ணா’ என்று விளித்த அளவில், திரைக்கு இப்பால் இருப்பவரும் அக்குடும்பத்தில் ஒருவராகிவிடுகின்றார்.

இரண்டாவது காரணம் நகைச்சுவையின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். எள்ளல் அவற்றுள் ஒன்று. இளமையும் பேதைமையும் மடனும் ஏனையவை. இந்நான்கையும் இன்றைய நேர்காணலிற் காணலாம். நடிகரின் பள்ளிக்கால நிழற்படத்தைக் காட்டி, அந்நாளைய குறும்புகளைச் சொல்லச் செய்வது இளமை பற்றிய நகை. கத்தரிக்காயின் விலை அறியாது விழிப்பவரைக் கண்டு சிரிப்பது பேதைமை பற்றியது. தொலைபேசியில் நண்பர் சொல்லும் பொய்யை மெய்யென நம்பி மறுமொழி கூறுபவரைக் கண்டு நகுவது மடன் பற்றியது. தொகுப்பாளர் விருந்தினரைச் சீண்டுவது எள்ளல்.

எள்ளலுக்குப் பேராசிரியர் கூறும் உரை இங்குப் பெரிதும் பயன்படுவது. பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பதும் எள்ளலே. பிறர் தன்னை எள்ளியபோது தானும் சிரிப்பதும் எள்ளலே என அவர் இருவகைப்படுத்தினார். நேர்காணலின் உயிர் இவ்விரண்டாம் வகையிலேயே உள்ளது. திரையில் பத்துப் பேரை ஒருகையால் வீழ்த்தும் நாயகர், தம் ஆட்டத்தை மற்றவர் போலச் செய்துகாட்டும்போது நாணிச் சிரிக்கின்றார். அந்நொடியில் அவருக்கும் காண்போருக்கும் இடையிலுள்ள மேடு பள்ளம் சமன்படுகின்றது. ‘அது இது எது’வின் ‘சிரிச்சா போச்சு’ப் பகுதியில் விருந்தினர் சிரிக்காமல் இருப்பதே போட்டி. அவர் அடக்க முயல்வதும் முடியாமல் வெடிப்பதுமே மக்களுக்கு விருந்து. புகழ் என்னும் போர்வை நழுவி மனிதர் வெளிப்படும் நொடிக்காகவே மக்கள் காத்திருக்கின்றனர் எனலாம்.

மறுத்துச் சிரிக்க இயலாதவரை எள்ளும்போது இச்சுவை கெடுகின்றது. பருத்த உடல், கறுத்த நிறம், பெண்வேடம் பூண்ட ஆண் ஆகியவையே பல நிகழ்ச்சிகளுக்குக் குறையாத முதலாகியுள்ளன. நடிகர் தம்மைத் தாமே எள்ளிக்கொள்வது பெருமிதத்தின் அடையாளம். அவையின் மூலையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் தோற்றத்தை எள்ளுவது எளியவரை மிதிப்பதாகும். விளையாட்டாகவும் ஒருவரை இகழ்தல் துன்பம் தரும் என்பது பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறியைக் காத்தும் சிரிக்கவைக்கலாம் என்பதற்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் வாழ்வே சான்று. மறுநாள் வகுப்பறையில் கறுத்த மாணவன் ஒருவனை மற்றவர் நிகழ்ச்சியின் சொல்லாலேயே கேலி செய்வாராயின், அச்சிரிப்பின் விலையைக் கொடுப்பவன் அம்மாணவனே.

மூன்றாவது காரணம் சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தனிச்சிறப்புடையது. அதுவே மொழி. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இருந்தனர். 2020இல் அவர்கள் கால் பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்தனர். பாடநூலில் எழுத்துத் தமிழைக் கற்கும் குழந்தை, விரைந்தும் குழைந்தும் எதிர்மொழி தொடுத்தும் ஓடும் பேச்சுத் தமிழை எங்கே கேட்பது? பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் கூடுதல் இடம் வேண்டுமென 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சியைப் பார்த்து உரையாடும் பகுதியும் இன்று உண்டு. பள்ளி அரிதின் முயன்று கற்பிக்கும் அவ்வுடனடி உரையாடலைத்தான் நகைச்சுவை நேர்காணல் விளையாட்டாகவே நிகழ்த்திக் காட்டுகின்றது. ஒரு மொழியில் நகைக்கத் தெரிந்தவனுக்கே அம்மொழி சொந்தமாகின்றது. ஆகவே, இந்நிகழ்ச்சிகளை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவது பொருந்தாது.

எனினும் இருகுறைகள் உள. அந்நிகழ்ச்சிகளின் தமிழில் ஆங்கிலம் அளவிறந்து கலந்துள்ளது. வினைச்சொல் மட்டுமே தமிழாய் எஞ்சும் வாக்கியங்கள் பல. மேலும், அச்சிரிப்பு சென்னைத் திரையுலகின் சிரிப்பு. பெருவிரைவு ரயிலில் நிகழும் வேடிக்கை, காப்பிக்கடையில் பல மொழி கலந்து கேட்கும் பேச்சு, தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் வீடு திரும்பும் மகனுக்கும் தாய்க்கும் நடக்கும் வாக்குவாதம் ஆகியவற்றைத் தமிழில் சிரிக்கச் சொல்வார் அங்கு இலர். அப்பணி உள்நாட்டுப் படைப்பாளருக்கு உரியது. வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியாக மலர்ந்தது. இவ்வூர்க் கலைஞரையும் விளையாட்டு வீரரையும் எழுத்தாளரையும் அமர்த்தி, இவ்வூர்ப் பேச்சில் சிரிக்கவைக்கும் நேர்காணல்கள் அத்தகைய ஒளிவழிக்கு ஒத்த பணியாகும். தம் ஊர்த் தெருவின் பெயர் நகைச்சுவையில் ஒலிக்கும்போது இளையர் அடையும் மகிழ்ச்சி வேறு.

ஆயினும் பெரும்பொறுப்பு இல்லத்தையே சாரும். தீபாவளிக் காலையில் குடும்பத்தார் அனைவரும் ஓரறையில் அமர்ந்திருப்பர். பேசுவதோ திரையிலுள்ளவர், சிரிப்பதோ அவர் அழைத்த அவையினர். பாட்டியின் மலாயாக் காலக் கதையும் மாமாவின் குறும்பும் பேரப்பிள்ளையின் எதிர்க்கேள்வியும் நெஞ்சிலேயே நின்றுவிடுகின்றன. தம் வீட்டு உரையாடலை நிறுத்தி, அயலார் உரையாடலை இரவலாகப் பெறும் நிலை இது. இரவல் நகை அணிந்தவர் விழா முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரவல் உரையாடலும் திரை அணைந்ததும் போய்விடும்.

ஆகவே, ஒரு நகைச்சுவை நேர்காணல் நன்றோ தீதோ என அளந்தறிய எளிய கோல் ஒன்று உண்டு. நிகழ்ச்சி முடிந்தபின் வீட்டில் பேச்சுத் தொடர்கின்றதா என்பதே அக்கோல். ‘உங்கள் பள்ளிக்காலக் குறும்பு என்ன, தாத்தா?’ என்று குழந்தையைத் தமிழில் கேட்கத் தூண்டும் நிகழ்ச்சி மொழிக்கும் உறவுக்கும் தொண்டு செய்கின்றது. அவ்வினாவுக்கு மறுமொழி கூற மூத்தோர் ஒருவர் அருகில் இருப்பாராயின், புகழ்பெற்றவர் எவரும் வாராமலேயே அவ்வீட்டில் நல்லதொரு நேர்காணல் நடந்தேறும்.