சாலி எங்கே தேடுவாள்?

இரண்டு பொம்மைகள். ஒருத்தி சாலி, இன்னொருத்தி ஆன். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்து மூடிவிட்டு வெளியே போகிறாள். அவள் தலை மறைந்ததும் ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். சாலி திரும்பி வருகிறாள். கோலியை எங்கே தேடுவாள்?

‘கூடையில்தான், இதென்ன கேள்வி’ என்பீர்கள். நாலு வயசுக் குழந்தைகூட பெரும்பாலும் அப்படித்தான் சொல்லும். 1985ல் லண்டனில் சைமன் பேரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூன்று பேரும் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் இதைக் கேட்டார்கள். 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் கூடையைக் காட்டிவிட்டார்கள். ஆகவே இது பொதுவான அறிவு வளர்ச்சிக் குறைவு இல்லை, அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிற சக்திதான் இவர்களிடம் குறைகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். உளவியல் பாடப் புத்தகங்களில் அந்த இரண்டு பொம்மைகளும் பட்டா வாங்கிக் குடியேறிவிட்டன.

மூவரில் ஃப்ரித் அம்மையார் குழந்தை வளர்ச்சி உளவியலில் பெரிய தலை. அவருடைய ‘ஆட்டிசம்: எக்ஸ்ப்ளெயினிங் தி எனிக்மா’ (1989) புத்தகத்தை மறுபடி படித்தேன். காட்டில் கண்டெடுத்த பிரெஞ்சுப் பையன், ரஷ்யாவின் ‘புனிதப் பைத்தியங்கள்’ என்று கதை கதையாகச் சொல்லிக்கொண்டே விஞ்ஞானத்துக்குள் கூட்டிப் போகிறார். அம்மா பாசம் காட்டாததால்தான் இப்படி என்று 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் சுமத்திய பழியை ஓரங்கட்டிவிட்டு, மூளையின் வளர்ச்சியைப் பாருங்கள் என்கிறார். அதற்காகவே இந்தப் புத்தகத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

என் சண்டை வேறு. அதற்குக் காரணம் கும்மிடிப்பூண்டி.

போன மாதம் அங்கே போயிருந்தேன். ஆசிரியராக இருக்கும் நண்பர், “நீங்கதான் ஏதேதோ படிக்கிறீங்களே, இவனைக் கொஞ்சம் பாருங்க” என்று ஒரு பையனைக் காட்டினார். எட்டு வயசு. அப்பா ஒடிசாக்காரர், சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் வேலை. வீட்டில் ஒடியா, பள்ளிக்கூடத்தில் தமிழ், தெருவில் பாதி தெலுங்கு. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேச்சு நாலைந்து வார்த்தை.

எனக்கு அதிகப்பிரசங்கித்தனம் ஜாஸ்தி. இரண்டு டம்ளர், ஒரு சோடா மூடி, இரண்டு சாக்பீஸை வைத்துக்கொண்டு சாலி கதையை அபிநயத்தோடு தமிழில் நடத்தினேன். பையன் கதையைக் கண்டுகொள்ளவே இல்லை. டம்ளரைத் தூக்கி, சோடா மூடியை எடுத்து, விளிம்பில் இருக்கிற பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவ ஆரம்பித்தான். சுற்றி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து.

தோற்றது பையனா, என் தமிழா?

இந்தச் சந்தேகம் லண்டனிலும் வந்திருக்கிறது. ஃப்ரித்தின் மாணவி பிரான்செஸ்கா ஹாப்பே 1995ல் கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்ற குழந்தைகள் நாலு வயசு மொழித்திறனில் தாண்டுகிற கேள்வியை ஆட்டிசப் பிள்ளைகள் தாண்ட சுமார் ஒன்பது வயசு மொழித்திறன் வேண்டியிருக்கிறது. பேச்சு ஏற ஏற விடையும் சரியாகிறது. அப்படியானால் அந்தப் பொம்மைகள் அளந்ததில் மனசு எவ்வளவு, மொழி எவ்வளவு? கூடையைச் சரியாகக் காட்டிய அந்த நாலு பேரை மேடைப் பேச்சுகளில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. சாலிக்கு இரண்டு வருஷம் முன்னால், 1983ல், இதே ஃப்ரித், அமிதா ஷா என்பவரோடு சேர்ந்து வேறொரு பரிசோதனை செய்தார். ஒரு பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கிற சின்ன வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டிசப் பிள்ளைகள், ஒத்த திறனுள்ள மற்ற பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். முழுப்படம் அவர்களை மயக்குவதில்லை. துண்டு உடனே கண்ணில் படுகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரே அளவில் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘ரெயின் மேன்’ பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றாலே மேதை என்று நம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் புத்தகத்தில் இந்தத் திறமைக்கு அம்மையார் வைத்த பெயரைப் பாருங்கள்: முழுமையைச் சேர்த்துப் பார்ப்பதில் ‘பலவீனம்’. நிறையைக் கண்டுபிடித்துவிட்டு குறை என்று சீட்டு ஒட்டியாயிற்று. 2006ல் ஹாப்பேயும் ஃப்ரித்தும் சேர்ந்து, இது குறை என்பதைவிட நுணுக்கத்தைப் பார்க்கிற ஒரு பாணி என்று திருத்தி எழுதினார்கள். நேர்மையான திருத்தம். பொம்மைகள் போன தூரத்துக்கு அது போகவில்லை.

2007ல் இன்னொரு ஆய்வு. எழுதியவர்களில் முதல் பெயர் மிஷெல் டாசன். கனடாவில் தபால் கொடுக்கும் வேலை பார்த்தவர், தானே ஆட்டிசம் உள்ளவர். பேசிக் கேட்கும் கேள்விகள் நிறைந்த வழக்கமான ஐ.க்யூ. டெஸ்ட்டிலும், வெறும் வடிவங்களை வைத்து நடத்தும் ராவன் டெஸ்ட்டிலும் 38 ஆட்டிசப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். ராவனில் அவர்கள் சராசரியாக 30 பர்சென்டைல் மேலே போனார்கள். பிள்ளைகள் அதேதான், கேட்ட விதம்தான் வேறு. நம் வகுப்பறையில் எல்லாவற்றையும் வாயால்தான் கேட்கிறோம், அதுவும் இந்தப் பையனிடம் அவன் வீட்டில் பேசாத பாஷையில்.

பையனின் அம்மாவைப் பார்த்தேன். அரைகுறைத் தமிழ். வீட்டில் ஒரு டப்பா நிறைய நட்டும் போல்ட்டும் வைத்திருக்கிறானாம். மரை பொருந்தாத ஒன்றை நடுவில் போட்டால் தனியே எடுத்து வைத்துவிடுவானாம். “ஸ்கூல்ல யாரும் அதைக் கேட்கலை சார்” என்றார்.

இனி சான்றிதழ் வாங்க வேண்டும். மருத்துவ முகாம் மாவட்டத் தலைநகர் திருவள்ளூரில். ஒரே மாவட்டம்தான், ஆனால் நேர் ரயில் கிடையாது, பேசின் பிரிட்ஜ் வரை வந்து வண்டி மாற வேண்டும். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்காத பையனோடு. அவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

சான்றிதழுக்கான அளவுகோல் 2009ல் செகந்திராபாத் மத்திய அரசு நிறுவனம் தயாரித்தது. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். மொத்தம் 70ஐத் தொட்டால் ஆட்டிசம். கண்ணைப் பார்ப்பதில்லை, தனியாக இருக்கிறான் என்று வரிசையாகப் போய், 39 அசாதாரண ஞாபக சக்தி, 40 அபூர்வத் திறமை. அதற்கும் மார்க் உண்டு, ஊனக் கணக்கில்தான்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார். “சார், அந்த டப்பாவையும் எடுத்துட்டுப் போகட்டுமா? பார்த்தா மார்க் போடுவாங்களா?”

போட்டாலும் போடுவார்கள், நாற்பதாவது கேள்வியில். “எடுத்துட்டுப் போங்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.