கடைசி வரிக்கு மேலே

எம்பெடட் லினக்ஸ் போர்டு ஒன்று, தன் ரூட் ஃபைல்சிஸ்டத்தை என்.எஃப்.எஸ். வழியாக இன்னொரு கணினியிலிருந்து பெற்று பூட் ஆக வேண்டும். ஆகாமல் நின்றுவிட்டால், திரையில்லாத அந்த போர்டுக்குப் பேச வாயாக இருப்பது பெரும்பாலும் 115200 வேகத்தில் ஓடும் சீரியல் கன்சோல் மட்டுமே. பழைய கெர்னல்களில் அதன் கடைசிச் சொற்கள் விசித்திரமானவை. என்.எஃப்.எஸ். கிடைக்கவில்லை, ஃபிளாப்பியை முயல்கிறேன் என்று ஒரு வரி. பிறகு, அடையாளம் தெரியாத பிளாக் (2,0) என்று சொல்லி கெர்னல் பேனிக். போர்டில் ஃபிளாப்பி டிரைவே கிடையாது. 2 என்பது லினக்ஸில் ஃபிளாப்பிக்கு உரிய மேஜர் எண். நெட்வொர்க் கைவிட்டால் ஃபிளாப்பியைப் பார் என்ற பழைய ஏற்பாடு நெடுங்காலம் கெர்னலில் இருந்தது. ஆக, எல்லாரும் முதலில் பார்க்கும் வரிதான் மிகக் குறைவாகச் சொல்லும் வரி. எது உறுதியாக நடந்து முடிந்தது, எது நடக்கவில்லை என்ற எல்லைக்கோட்டை வரி வரியாக நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்துவதுதான் கன்சோலை வாசிக்கும் இந்தக் கலை.

அந்தக் கோடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று. பூட்லோடரான யூ-பூட், டி.எஃப்.டி.பி. மூலம் கெர்னலை இதே ஈதர்நெட் கேபிள் வழியாகத்தான் இறக்கியது. அடுத்த சில நொடிகளில் அந்தக் கெர்னலே நெட்வொர்க் சாதனம் எதுவும் இல்லை என்கிறது. இரண்டும் உண்மை. யூ-பூட்டின் டிரைவர் வேறு, கெர்னலின் டிரைவர் வேறு. முன்னது வேலை செய்ததால் கேபிளும் சர்வரும் நிரூபணமாயின, பின்னது பற்றி எதுவும் நிரூபணமாகவில்லை. பெரும்பாலும் கெர்னலின் ஈதர்நெட் டிரைவர் மாட்யூலாகக் கட்டப்பட்டு, இன்னும் மவுன்ட் ஆகாத ரூட் ஃபைல்சிஸ்டத்துக்குள் கிடக்கும்: பூட்டிய பெட்டிக்குள் சாவி. இதற்குப் பதிலாக டி.எச்.சி.பி. கோரிக்கைக்கு ஒன்று வீதம் புள்ளிகள் நீண்டுகொண்டே போயிருந்தால் கதை வேறு. டிரைவர் எழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.

இதெல்லாம் ஒரு பட்டியலில் அடங்கிவிடும், வேலை செய்கிற பூட் ஆர்க்யுமென்ட் வரியை நகலெடுத்து ஒட்டினால் போதும் என்பார்கள். சில நாள் அது பலிக்கும். ஆனால் ஒரே பேனிக் வரிக்குப் பின்னால் காரணங்கள் பல. பல ஆண்டுகளாக நெட்வொர்க் ரூட், வேறெதுவும் சொல்லாவிட்டால், என்.எஃப்.எஸ். 2-ஆம் பதிப்பையே கேட்டது. புதிய சர்வர்களோ அதைக் கைவிட்டுவிட்டன. அங்கே மருந்து, 3-ஆம் பதிப்பு என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது. சர்வர் -13 என்று திருப்பி அனுப்பினால் அது அனுமதி மறுப்பு. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறக்க வேண்டும். எது எதுவென்று அறிய சர்வர் பக்கம் டிசிபிடம்ப் ஓடவிட்டுக் காத்திருப்பதை நான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். போர்டிலிருந்து 111-ஆம் போர்ட்டுக்குக் கேள்வி வந்ததா, 2049 வரை பேச்சு எட்டியதா என்பதை பாக்கெட்டுகள் ஒளிவுமறைவின்றிச் சொல்லும். ஒரு பாக்கெட்டும் வராத மௌனமும் சாட்சியமே.

எஸ்.டி. கார்டு இருக்க இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விற்பனைக்குப் போகும் கருவியில் நெட்வொர்க் ரூட் அநேகமாக இருக்காது. உருவாக்கும் காலத்தில், கணினியில் கம்பைல் செய்த நிரல் மறுகணமே போர்டில் இருக்கும், கார்டைக் கழற்றி எழுதி மாட்ட வேண்டியதில்லை என்பது சிறிய லாபமல்ல. அதைவிட, இங்கே பழகும் வாசிப்பு எந்த ஊடகத்திலிருந்து பூட் செய்தாலும் உதவுகிறது. ரூட் மவுன்ட் ஆகிவிட்டது என்ற வரி வந்தபின் இனிட்டை இயக்க முடியவில்லை, பிழை -2 என்று வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். -2 என்றால் கோப்பு இல்லை. சர்வரில் பார்த்தால் கோப்பு இருக்கிறது. மேலே உள்ள வரிகளை நம்பப் பழகியவர் மவுன்ட்டைச் சந்தேகிக்க மாட்டார். அது நடந்து முடிந்தது. இனிட் தனக்கு எந்த டைனமிக் லோடர் வேண்டும் என்கிறது என்று ரீட்எல்ஃப் கொண்டு பார்ப்பார். ஹார்ட்-ஃப்ளோட் லோடரைக் கேட்கும் நிரல், அது இல்லாத ஃபைல்சிஸ்டத்தில் வைக்கப்பட்டிருக்கும். இல்லை என்று கெர்னல் சொன்னது அந்த லோடரை.