மார்பில் ஒரு கடைப்பெயர்

துணியில் அச்சிட்ட ஒரு பெயர் திறனாய்வுக்கு உரிய பொருளாகுமா என்று வாசகர் ஐயுறக்கூடும். பிறர் படிப்பதற்கென்று முன்வைக்கப்படுவது எதுவும் எழுத்தே எனின், மார்பில் தாங்கித் தெருவில் நடமாடும் எழுத்தையும் நாம் படித்துப் பார்க்கலாம். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கலாம்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 'ரிச்ஸ்' என்றொரு பேரங்காடி இருந்தது. ஹங்கேரியிலிருந்து குடியேறிய மோரிஸ் ரிச் என்ற யூத இளைஞர், தம் சகோதரரிடம் 500 டாலர் கடன் பெற்று 1867-இல் தொடங்கிய சிறு கடை அது. காலப்போக்கில் பல கிளைகளாக வளர்ந்தது; 1976-இல் ஒரு பெருநிறுவனத்தின் கைக்குப் போனது; 1991-இல் நகர மையக் கடை மூடப்பட்டது. 2005-இல் எஞ்சிய கிளைகளிலிருந்தும் பழைய பெயர் இறக்கப்பட்டு, 'மேசிஸ்' என்ற பெயர் ஏற்றப்பட்டது. கடை மறைந்தபின் அதன் பெயர் டி-சர்ட்டுகளில் வாழ்கிறது.

அந்தச் சட்டையை அணிபவரை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. 1930-இல், பொருளாதார நெருக்கடியால் கருவூலம் வறண்டு, அட்லாண்டா நகராட்சி தன் ஆசிரியர்களுக்கு ஊதியத்திற்குப் பதிலாகச் சீட்டுகளைக் கொடுத்தது. அச்சீட்டுகளை முழு மதிப்புக்கு மாற்றிப் பணமாகத் தந்தது ரிச்ஸ்; எங்கள் கடையில்தான் பொருள் வாங்க வேண்டும் என்று நிபந்தனையும் விதிக்கவில்லை. 1948 முதல் நன்றி நாள் இரவில் அங்கே பெரிய கிறிஸ்துமஸ் மரத்திற்கு விளக்கேற்றப்பட்டது. இரு கட்டடங்களை இணைத்த கண்ணாடிப் பாலத்தில் பாடகர் குழுக்கள் நின்று பாட, கீழே தெரு நிறைய மக்கள் நின்றனர். குழந்தைகளுக்கோ, இளஞ்சிவப்புப் பன்றி உருவில் அமைந்த குட்டி இரயில். தாயின் கைபிடித்து அங்கே நின்றவர் முதுமையில் அப்பெயரை அணிய விரும்பினால், அது வெறும் வணிகப் பற்று அன்று. நன்றியின் ஒரு வடிவம்.

ஆயினும் அதே பெயருக்குள் இன்னொரு நாளும் இருக்கிறது. 1960 அக்டோபர் 19 அன்று, அந்நகரிலேயே பிறந்த போதகர் மார்ட்டின் லூத்தர் கிங், கறுப்பின மாணவர்களோடு ரிச்ஸ் கடைக்குள் நுழைந்தார். அங்கே கறுப்பினத்தவர் துணி வாங்கலாம், கடன் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். 'மக்னோலியா அறை' என்ற உணவகத்தில் மட்டும் அமர முடியாது. அமர்ந்து உணவு கேட்க முயன்றதற்காக அவர்கள் கைது செய்யப்பட்டனர். மாணவர்கள் சில நாள்களில் விடுதலையாயினர். கிங்கோ, பழைய போக்குவரத்து வழக்கொன்றைக் காரணம் காட்டி, நான்கு மாதக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டு ரீட்ஸ்வில் சிறைக்கு இரவோடிரவாகக் கொண்டு செல்லப்பட்டார். பின்னரே பிணையில் வெளிவந்தார். 1961 இலையுதிர் காலத்தில்தான் அக்கடையின் உணவு மேசைகள் எல்லாருக்கும் திறந்தன.

ஆசிரியரின் சீட்டை மதித்த கைதான் கறுப்பினத் தாய்க்கு ஒரு கோப்பைத் தேநீர் தர மறுத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது ரிச்ஸின் கதையாகாது. டி-சர்ட்டோ இரண்டையுமே சொல்வதில்லை. பெயரை மட்டும் அழகிய எழுத்தில் காட்டுகிறது. நிகழ்ச்சி இல்லை, மனிதர் இல்லை. அதன் குறை பொய் சொல்வது அன்று. பழங்காலம் முழுவதையும் ஒரே இனிப்பாகக் கரைத்துவிடுவது. அந்தக் கரைசலில் அநீதி மட்டுமா மறைகிறது? அக்கடை செய்த மெய்யான நன்மையும் சேர்ந்தே மறைகிறது.

இதில் வணிகமும் உண்டு. இத்தகைய பழைய கடைகள் பலவற்றை விழுங்கிய மேசிஸ், மறைந்த பெயர்களில் டி-சர்ட் விற்ற வேறொரு நிறுவனத்தின்மீது 2011-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அப்பெயர்கள் தனக்கே உரியவை என வாதிட்டது. கடைகளின் பெயர்ப்பலகையை இறக்கியவரே, சட்டையில் அப்பெயரை அச்சிடும் உரிமைக்காக நீதிமன்றம் ஏறினார். மக்களின் நினைவு யாருடைய சொத்து என்பது இங்கே வெறும் தத்துவக் கேள்வி அன்று.

அப்படியாயின் இச்சட்டையை அணியக் கூடாதா? அணியலாம். மரத்தடியில் நின்று பாடல் கேட்டவரும் அணியலாம். மகளுக்குக் கவுன் வாங்கிக்கொண்டு பசியோடு வெளியேறிய தாயின் பிள்ளைகளும் அணியலாம். இருவருக்கும் அப்பெயர் உரியதே. ஆனால் வீட்டுச் சிறுவன் விரலை நீட்டி, "தாத்தா, இது என்ன கடை?" என்று ஒருநாள் கேட்பான். துணி பேசாமல் விட்டதை அப்போது அணிந்தவர்தான் பேசியாக வேண்டும். ஆசிரியர்களின் சீட்டிலிருந்து தொடங்கலாம். மக்னோலியா அறையின் வாசலில் நிறுத்திவிடாமல் உள்ளேயும் அழைத்துச் செல்ல வேண்டும்.