கூத்தும் சங்கமும்: வடதமிழகக் கூத்து அமைப்புகள் முன்னிறுத்தும் ‘சமூகம்’ – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கலை, பண்பாட்டு அமைப்புகள் தாம் சார்ந்த சமூகத்திற்குப் பணியாற்றுகின்றன என்பது பெரும்பாலும் ஐயமின்றி ஏற்கப்படும் கருத்தாகும். அச்சமூகம் எது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் வழங்கும் கூத்தைச் சார்ந்து இயங்கும் அமைப்புகளுள், 1990இல் தொடங்கப்பெற்ற கட்டைக்கூத்துச் சங்கத்தை முதன்மையாகவும், கூத்துப்பட்டறை, புரிசை தெருக்கூத்து மன்றம் ஆகியவற்றை ஒப்பீட்டிற்காகவும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. கலைஞர், ஊர், நகரப் பார்வையாளர் என்னும் மூவகைச் சமூகங்களின் நலன்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில்தான் ஓர் அமைப்பின் இயல்பு வெளிப்படுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கட்டைக்கூத்து, தெருக்கூத்து, பாரத விழா, கலை அமைப்பு, மிராசு, குருகுலம்

முன்னுரை

நாட்டார் கலைகள் குறித்த தமிழ் ஆய்வுகளில் ‘அழிந்துவரும் கலை’ என்னும் தொடர் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே மாறிவிட்டது. அழிவிலிருந்து கலையை மீட்கும் பொறுப்பு அரசுக்கோ தன்னார்வ அமைப்புக்கோ உரியது என்ற முடிவும் அத்தொடரைப் பின்பற்றியே வந்துசேர்கிறது. வடதமிழகக் கூத்தைப் பொறுத்தவரை இவ்வாய்பாடு பொருந்துவதில்லை. தை தொடங்கி ஆடி வரையிலான விழாக் காலத்தில் இவ்வட்டாரத்துக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று இரவு முழுவதும் ஆடிவருகின்றன. கலை அழியவில்லையெனில், அமைப்புகள் எதனைக் காக்க எழுந்தன? இவ்வினாவிற்கு விடைகாண, அமைப்புகள் தோன்றுவதற்கு முன்பே கூத்து எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது என்பதை நோக்குதல் வேண்டும்.

அமைப்புக்கு முந்தைய அமைப்பு

கூத்து நிகழும் முதன்மைக் களம் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழா ஆகும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் அக்கதைப் பகுதி களரியில் கூத்தாக நிகழும். வில் வளைப்பு, இராசசூய யாகம், பகடை துயில், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என நிகழ்வுகள் நாள்தோறும் வளர்ந்து, படுகளத்தில் மண்ணால் கிடத்தப்பட்ட துரியோதனன் உருவின்முன் முடிவை நெருங்கும். அன்று மாலை தீமிதி. அருச்சுனன் தவ மரம் ஏறுகையில் கீழே நிற்கும் பெண்கள் பிள்ளைவரம் வேண்டி மடியேந்துவதும், இறந்தோர் சடங்கில் கர்ண மோட்சம் ஆடப்படுவதும் கூத்தைச் சடங்கினின்று பிரிக்கவியலாதென்பதைக் காட்டுவன. ஆல்ஃப் ஹில்டெபைட்டல், ரிச்சர்ட் ஃபிராஸ்கா ஆகியோரின் ஆய்வுகள் இச்சடங்குப் பின்னணியை விரிவாகப் பதிவுசெய்துள்ளன.

இத்தகைய விழா தானே நிகழ்ந்துவிடுவதன்று. ஊரில் தலைக்கட்டு வரி பிரிக்கப்படுகிறது; விழாக்குழு கூடுகிறது; குழுத் தலைவரிடம் தாம்பூலத்தோடு முன்பணம் தந்து நாள் உறுதிசெய்யப்படுகிறது. இதற்கும் முற்பட்ட நிலையில், குறிப்பிட்ட குடும்பத்தார் குறிப்பிட்ட ஊர்களில் ஆடும் பரம்பரை உரிமையும் கடமையும் உடையோராக இருந்தனர். மிராசு எனப்பட்ட இம்முறை படிப்படியாகத் தளர்ந்து, பல சாதியினரும் கலந்த தொழில்முறைக் குழுக்கள் தோன்றிய வரலாற்றை ஹன்னே டி புரூயின் 1999இல் வெளியான தமது நூலில் விளக்குகிறார். குழுக்கள் ‘நாடக மன்றம்’ என்று பெயர் சூடிக்கொண்டதும் இம்மாற்றத்தின் விளைவே எனலாம்.

மிராசு முறையில் கலைஞனுக்கு வாய்ப்பு உறுதியாக இருந்தது. ஊதியத்தைப் பேசும் உரிமை இல்லை. ஒப்பந்த முறையில் பேசும் உரிமை கிடைத்தது, வாய்ப்பு உறுதியற்றதாயிற்று. முதுமை, நோய், மழைக்கால வேலையின்மை ஆகியவற்றுக்கு இரண்டிலும் விடையில்லை. இவ்விடைவெளியில்தான் சங்கம் நுழைகிறது.

நகரத்தின் கண்டெடுப்பு

காலவரிசையில் சங்கத்திற்கு முற்பட்டது கூத்துப்பட்டறை. ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைச் சென்னையில் கண்டு, தமிழ் நாடகத்திற்குரிய மொழி கூத்திலேயே உள்ளது என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைகள் அவ்வெண்ணத்தின் பதிவு. 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகரின் உடலுக்கும் குரலுக்கும் கூத்திலிருந்து பயிற்சிமுறையை வகுத்துக்கொண்டது. நவீன நாடகத்திற்கு இது தந்த வளம் மறுக்கவியலாதது. கூத்தை இழிவாகக் கருதிய நகரக் கண்ணோட்டத்தை மாற்றியதிலும் முத்துசாமியின் பங்கு பெரிது.

ஆயினும் கூத்துப்பட்டறை பணியாற்றிய சமூகம் நகர நாடகச் சமூகமே. கூத்து அதற்கு மூலவளம். கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் இடையே மதிப்பு இருந்தது. சமநிலை இருந்ததா என்பது ஐயத்திற்குரியது. நகர மேடைக்கு ஏற்ப எட்டுமணி நேர ஆட்டம் ஒன்றரை மணிக்குள் சுருங்கியபோது, கூத்தர் தமக்குரிய கால அளவை நிருணயிக்கும் உரிமையை இழந்தனர். விடியற்காலைக் களைப்பில் அவையும் நடிகரும் ஒருசேர எய்தும் ஒருவகை மயக்கநிலை சுருக்கத்தில் கிட்டாது என்பதைக் கண்டவர் அறிவர்.

புரிசை தெருக்கூத்து மன்றத்தின் நிலை வேறு. கண்ணப்பத் தம்பிரான் மரபில் வந்த குடும்பமே அமைப்பாகவும் இயங்குகிறது. கேப்ரியல் கார்சியா மார்க்கேஸின் கதையைக் கூத்தாக்கியதும், பிரான்சின் தியேத்ர் து சொலேய் குழுவிற்குப் பயிற்சியளித்து 2016இல் அரியான் முனூஷ்கின் உருவாக்கிய நாடகத்தில் கூத்து இடம்பெறச் செய்ததும் இம்மரபினரின் பணிகளே. உலக அரங்கிற்குச் சென்றபோதும் புரிசை என்னும் ஊர்ப்பெயர் அவர்களைவிட்டு நீங்கவில்லை. ஓர் ஊரின் பெயரைக் கலையின் பெயரோடு பிணைத்தமை பொருள்பொதிந்ததோர் அமைப்புச் செயற்பாடாகும்.

பெயர் யாருக்குரியது?

தமிழ்நாடு கட்டைக்கூத்துக் கலை வளர்ச்சி முன்னேற்றச் சங்கம் 1990இல் பெ. இராஜகோபாலும் டி புரூயினும் கூத்தர் சிலரும் இணைந்து தொடங்கியதாகும். சிறுவயதிலேயே மேடையேறிய இராஜகோபால், கூத்துக் குடும்பத்தைச் சார்ந்தவர். அமைப்பின் முதற் செயல் பெயர்மாற்றம் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியப்பெறும், கண்ணாடிச் சில்லுகள் பதித்த மர அணிகளைக் கட்டை என்பர். முதன்மை வேடங்கள் கட்டை வேடங்கள் எனப்படுவதால் கட்டைக்கூத்து என்பதே கலைஞர் வழக்கு என்றும், தெருக்கூத்து என்பது தெருவில் உலாவாக நிகழும் ஆட்டத்தைக் குறிப்பது என்றும் சங்கத்தார் வாதிட்டனர். ‘தெரு’ என்னும் சொல்லில் படிந்துள்ள இழிவுப் பொருளும் அவர்தம் மறுப்பிற்குக் காரணமாயிற்று.

இவ்வாதம் முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. புரிசையார் தெருக்கூத்து என்றே தம் கலையை வழங்கிவருகின்றனர். அச்சொல்லை இழிவாக அவர்கள் கருதவில்லை. கலைஞர் வழக்கு என ஒன்றே உண்டு எனக் கொள்வது, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் வழக்குகளை ஓர் அமைப்பின் குரலுக்குள் அடக்குவதாகும். ‘மக்கள் கலை’ என்ற புகழ்ச்சியில் தெரு என்னும் சொல்லை இயக்கங்கள் பெருமையாக ஏந்தியபோது, அதே சொல்லைத் தொழிலாளி ஒருவன் ஏன் களைய விரும்பினான் என்பதை அவ்வியக்கங்கள் கேட்கவில்லை என்பதும் உண்மை. சொல்லாராய்ச்சியாகக் கொண்டால் சங்கத்தின் வாதம் நொய்ம்மையானது. ஆனால் தம்மைக் குறிக்கும் பெயரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமைக்கான கோரிக்கையாக நோக்கின் அது வலிமையுடையது. நாட்டார் கலை ஆய்வாளர் பலர் இவ்விரண்டையும் பிரித்தறியாமல், ‘சரியான பெயர் எது’ என்ற விவாதத்திலேயே நின்றுவிட்டனர்.

பள்ளியும் களரியும்

2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் சங்கம் தொடங்கிய குருகுலமே அதன் பணிகளுள் ஆழமான ஆய்வுக்குரியது. குழுவிற் சேரும் சிறுவன் இரவில் விழித்து ஆடுவதால் பள்ளியை இழப்பதும், பள்ளியில் நிலைப்பவன் கலையை இழப்பதும் கூத்துக் குடும்பங்களின் நெடுநாள் இக்கட்டு. தங்கிப் பயிலும் முறையில் பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் இணைத்து இவ்விக்கட்டிற்குக் குருகுலம் விடைதேடியது. முழு இரவு ஆட்டத்தையும் அது கைவிடவில்லை.

பெண்களைச் சேர்த்தது அடுத்த உடைப்பு. கூத்தில் பெண்வேடம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. திரௌபதியைத் தெய்வமாக வழிபடும் களத்தில், திரௌபதியாக ஒரு பெண் தோன்றுவதற்கு இடமின்றி இருந்தது முரண்நகை. குருகுலத்தில் சிறுமியர் துரியோதனன் முதலிய கட்டை வேடங்களையே ஏற்றாடினர். கனத்த அணிகளுடன் சுழன்றாடும் கிறுக்கியும் உச்சக்குரலில் பாடும் பாட்டும் பெண்ணுடலுக்கு ஒவ்வா என்ற கருத்து அங்கு செயலால் மறுக்கப்பட்டது.

எனினும் பயிற்சி முடித்த பெண் எங்கு ஆடுவாள் என்ற வினா எஞ்சியது. ஆண் கலைஞர்க்கு ஊர்க் குழுக்கள் திறந்திருந்தன. பெண்ணுக்கோ இரவுப் பயணம், ஒப்பனையிடத்தில் மறைவின்மை, திருமணத்திற்குப் பின் கணவன் வீட்டாரின் மறுப்பு, ‘கூத்தாடி’ என்னும் வசைச்சொல் ஆகியன ஒருங்கே தடையாயின. குருகுலத்தில் பயின்ற ஒருவரின் தலைமையில் பெண்கள் குழு ஒன்று உருவானது குறிப்பிடத்தக்க விலக்கு. பயிற்சியை அமைப்பு தன் சுவர்களுக்குள் வழங்கிவிட முடியும், களரி ஊராருடையது. ஊராரின் மனத்தை மாற்றும் ஆற்றல் எந்தப் பாடத்திட்டத்திற்கும் இல்லை.

‘ஊர்’ என்பது யார்?

அமைப்புகளின் அறிக்கைகளில் ‘சமூகத்தை இணைக்கும் கலை’ என்ற தொடர் தவறாது இடம்பெறுகிறது. 2023 ஏப்ரலில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராசா திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு சூனில் வருவாய்த்துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். கூத்தின் தாய்க்களம் எனப் போற்றப்படும் அதே வகைக் கோயில் அது. தலைக்கட்டு வரி யாரிடம் பெறப்படுகிறது, யாரிடம் பெறப்படுவதில்லை என்பதே ஊரின் எல்லையை வரையறுக்கிறது. வரி மறுக்கப்படுதல் பொருட்சுமையின்மை அன்று, உரிமையின்மை.

கூத்துக் குழுவினுள் பல சாதியினரும் கலந்து ஆடுவர். அடித்தளச் சாதியைச் சார்ந்தவர் தருமராகத் திரைவிலக்கித் தோன்றுகையில் அவை அவரைத் தருமராகவே ஏற்கும். இதனைக் கொண்டு கூத்து சாதியைக் கடந்தது என முடிவுகட்டும் கட்டுரைகள் உள. விடிந்து ஒப்பனை கலைந்தபின் அவருக்கு எந்தத் திண்ணையில் இடம் தரப்படுகிறது என்பதை அவை கேட்பதில்லை. களரி தரும் ஏற்பு அன்றிரவுக்குரியது. அவ்வேற்பைப் பகலுக்கும் நீட்டிப்பது கலையால் தானாக நிகழாது. அதற்கு நிபந்தனை விதிக்கும் ஓர் அமைப்பு தேவை. அனைவரும் அமர்ந்து காண இடமில்லாத களரியில் ஆடுவதில்லை எனக் குழுக்கள் ஒருங்கே முடிவெடுக்குமாயின், ஊர் அதனைச் செவிமடுக்கவேண்டியிருக்கும். தனிக்குழு ஒன்று அவ்வாறு சொன்னால் மறுநாளே தாம்பூலம் வேறொரு குழுவிற்குச் செல்லும். சங்கம் என்னும் வடிவத்தின் உண்மையான வலிமை இத்தகைய கூட்டு மறுப்பிலேயே அடங்கியுள்ளது. பயிற்சி, ஆவணப்படுத்தல், விழா ஆகியவற்றில் காட்டப்பட்ட முனைப்போடு ஒப்பிடுகையில் இவ்வலிமை இன்றளவும் தொடப்படாததாகவே உள்ளது.

தொடாமைக்குக் காரணம் கலைஞரின் அச்சம் மட்டுமன்று. நல்கை வழங்குவோர் எண்ணத்தக்க விளைவுகளை நாடுவர்: பயின்ற மாணவர் இத்தனை, நிகழ்ச்சிகள் இத்தனை. நடக்காமற்போன ஓர் ஆட்டத்தைப் பணியாகக் கணக்குக்காட்டும் படிவம் எதுவும் இல்லை.

குருகுலம் மூடிய பின்

பதினெட்டு ஆண்டுகள் இயங்கிய குருகுலம் 2020இல் மூடப்பட்டது. இதனை அமைப்பின் தோல்வியாகக் கொள்வோர், நிறுவனம் நிலைத்திருத்தலையே வெற்றியின் அளவாகக் கொள்கின்றனர். மிராசு முறை தளர்ந்தபோதும் கூத்து நின்றுவிடவில்லை; அது வேறு வடிவம் கொண்டது. குருகுலம் வழங்கிய பயிற்சியும் அவ்வாறே வட்டாரத்துக் களரிகளில் கரைந்திருப்பின், அதனை நிறுவனப் பதிவேடுகளில் தேடிப் பயனில்லை. எந்த ஊரில், எந்தக் குழுவில், எந்த வேடத்தில், எத்துணை ஊதியத்திற்கு அவர்கள் இன்று ஆடுகிறார்கள், பெண்களுள் எத்தனைபேர் திருமணத்திற்குப் பின்னும் முகத்தில் அரிதாரம் பூசுகிறார்கள் என்பதை விழாக் காலத்தில் ஊர்தோறும் சென்றே அறியவியலும்.