முப்பதின் காரணிகள்

2015இல் ஸ்டீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சிக்கு வந்த யூஜீனியா செங், அடுக்குப் பேஸ்ட்ரி மாவை மடித்துக் காட்டியே அடுக்குகள் மடங்கு மடங்காகப் பெருகுவதை விளக்கினார். மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் 729 அடுக்குகள். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. எனக்கும் பிடித்திருந்தது; பிடித்துப்போனதே உறுத்தவும் செய்தது. ஆண் கணிதவியலாளர் பொதுவெளிக்கு வரும்போது பகா எண்களோடோ பிரபஞ்சத்தோடோ வருகிறார். பெண்ணுக்குக் கையில் மாவு இருந்தால்தான் கதவு திறக்குமா?

அதே ஆண்டு வந்த அவருடைய முதல் நூலை வாசித்தபோது இந்தக் கேள்வி கொஞ்சம் அவசரமானது என்று பட்டது. அதன் இயல்கள் ஒவ்வொன்றும் ஒரு சமையல் குறிப்போடு தொடங்குகின்றன. ஆனால் குறிப்பு அங்கே தூண்டில் புழு அல்ல. ஒரு பொருளை விட்டுவிட்டுச் சமைத்தால் என்ன ஆகும் என்பது அடுக்களையில் தினமும் எழும் கேள்வி. இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் எடுகோளை விட்டுவிட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு வடிவியல்கள் கிடைத்ததும் இப்படித்தான். அடுக்களையைச் சிந்திக்கும் இடமாக எழுதியிருக்கிறார் செங். அது நம்முடைய வேலையும்தான்.

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர், கேட்டகரி தியரி ஆய்வாளர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியை விட்டுவிட்டு, சிகாகோவின் கலைக்கல்லூரி ஒன்றில் ஓவிய, சிற்ப மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தரப் போனார். துறைசார் கணக்குப்படி இது இறக்கம். ஆய்வு செய்பவர் மேலே, விளக்கிச் சொல்பவர் கீழே. (தமிழ்த்துறைகளிலும் சிறுவர் நூல் எழுதியவருக்கு இதே மரியாதைதான்.) இந்த ஏணிக்கு வயது அதிகம். லாப்லாஸின் வானியல் கணிதத்தை மேரி சாமர்வில் 1831இல் ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய நூல் கேம்பிரிட்ஜில் பாடநூலாயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்.

2020இல் வந்த 'எக்ஸ் + ஒய்' நூலில் செங் இரண்டு சொற்களைப் புதிதாக உருவாக்குகிறார். தன்னை முன்னிறுத்திப் போட்டியிட்டு முந்துவது 'இன்கிரெசிவ்'. பிறரோடு கூடி, பகிர்ந்து நகர்வது 'காங்கிரெசிவ்'. (நம் காதில் இரண்டாவது ஏதோ கட்சி அடைமொழிபோல ஒலிப்பது அவர் குற்றமல்ல.) ஆண்மை, பெண்மை என்று குணங்களுக்குப் பால் பூசாமல் பேசலாமே என்கிறார். நல்ல ஆசைதான். ஆனால் கூடும் குணத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி புதுச்சொல்லுக்குள் மங்கிவிடுகிறது. விட்டுக்கொடுத்துப் பழகியவளிடம் போய் கூடி வாழ் என்பதும், எடுத்துக்கொண்டே பழகியவனிடம் அதையே சொல்வதும் ஒன்றல்ல.

கேட்டகரி தியரியில் ஒரு பொருளை அதன் உறவுகளே முழுமையாக அடையாளப்படுத்திவிடும். இன்னார் மகள், இன்னார் மனைவி என்று உறவாலேயே அறியப்பட்டுச் சலித்தவர்களுக்கு இது அச்சமூட்டும் தேற்றம். செங் இதை விடுதலையாகப் பார்க்கிறார்: உள்ளார்ந்த குணம் என்று ஒன்றை நம்மேல் சுமத்த வேண்டியதில்லை, இடத்துக்கு இடம் உறவு மாறும். இந்த இடத்தில் அவரோடு பாதி உடன்படுகிறேன்.

முழுமையாக உடன்படுவது 2018இன் 'தர்க்கத்தின் கலை' நூலில் வரும் கனசதுரத்தோடு. 30இன் காரணிகளை வரைந்தால் உச்சியில் 30, அடுத்து 6, 10, 15, அதற்குக் கீழே 2, 3, 5, அடியில் 1. அந்த எண்களின் இடத்தில் பணம், வெள்ளை நிறம், ஆண்பால் ஆகிய சலுகைகளை வைக்கிறார். வெள்ளைப் பெண்களும் வெள்ளையரல்லாத ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏன் கோபப்படுகிறார்கள் என்பது எந்த முழக்கமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

என் முதுகலை வகுப்பில் நிறத்தை அழித்துச் சாதி என்று எழுதிக் கரும்பலகையில் இதை வரைந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி பெஞ்சு மாணவி எழுந்து, "எல்லாக் கோடும் ஒரே நீளமா இருக்கே, மேடம்?" என்றாள். 30ஐ அழித்து 42 என்று எழுதினேன். அதன் பகாக் காரணிகள் 2, 3, 7. இரண்டும் மூன்றும் பெருகினாலும் ஆறுதான்; ஏழு தனியாக நின்றே அதைவிடப் பெரிது. எந்த எண்ணுக்கு நேரே எதை எழுதுவது என்று கேட்டேன். சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.