தக்ராரில் விரியும் நாவல்: ப. சிங்காரத்தை அத்தியாயம் அத்தியாயமாக ஓதுதல்

கடினமான நூலைத் தனியே ஓதி முடிக்க இயலாது என்பது நம் மத்ரஸாக்களின் பழைய அனுபவம். மாணவன் முதல் நாள் இரவே அகராதியின் துணையுடன் மறுநாள் பாடத்தைப் பார்த்து வைப்பான், அது முதாலஆ. காலையில் உஸ்தாதின் முன் ஒருவன் மூலத்தின் இபாரத்தை உரக்க வாசிக்கப் பாடம் நடைபெறும். இஷாவுக்குப் பின் நாலைந்து பேர் வட்டமாக அமர்ந்து அதே பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பர்; அது தக்ரார். இந்த மூன்றாம் அமர்வில்தான் நூல் வசப்படும் என்பதை அரபுக் கல்லூரியில் பயின்ற எவரும் அறிவர். ஃபிக்ஹுக்கும் நஹ்வுக்கும் பயன்பட்ட இம்முறை, நவீனத் தமிழ் நாவலொன்றுக்கும் பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்ளும் வினா. அதற்கு உரைகல்லாக ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைத் தேர்ந்தோம்.

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், இளம் வயதிலேயே கடல் கடந்து சுமத்ராவின் மெடான் நகரில் வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். உலகப் போரின் ஆண்டுகளைத் தென்கிழக்காசியாவில் கழித்து, 1946இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரை தினத்தந்தியில் நாற்பதாண்டுக் காலம் பணியாற்றினார். மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் அறையொன்றே அவருக்கு வீடு. இலக்கியக் கூட்டங்களுக்கும் எழுத்தாளர் குழுக்களுக்கும் அவர் அன்னியராகவே இருந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே: 1959இல் வெளியான 'கடலுக்கு அப்பால்', 1972இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி'. மூன்றாவது நாவலை அவர் எழுதவில்லை. 1997 டிசம்பரில் காலமானார். சி. மோகன், ஜெயமோகன் முதலான விமர்சகர்கள் வலியுறுத்திச் சொன்ன பின்னரே அவருடைய பெயர் பரவலாயிற்று.

இவ்வாழ்வில் நாம் கவனிக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கப்பெற்ற நாளேடு. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்பது அதன் மொழிக்கொள்கை. கம்பம் பள்ளத்தாக்கின் தேநீர்க் கடைகளில் ஒருவர் வாசிக்க நால்வர் கேட்டு வளர்ந்த ஏடு அது. அத்தகைய ஏட்டில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர், வாசகருக்குச் சிறிதும் இளகாத நாவலை எழுதினார். எனவே அந்நாவலின் கடினம் எளிமையாக எழுதத் தெரியாமையால் வந்ததன்று. பொருளின் தேவையை அறிந்தே அவர் மேற்கொண்டது.

உத்தமபாளையத்தில் நண்பர்கள் எழுவர் வாரம் ஓர் அத்தியாயம் என்னும் கணக்கில் இந்நாவலை ஓதினோம். எங்களுள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், பள்ளிவாசல் இமாம் ஒருவர், போடியில் ஏலக்காய் வணிகம் செய்பவர் ஒருவர், பினாங்கில் பல்லாண்டு உணவுக்கடை நடத்தித் திரும்பிய முதியவர் ஒருவர். ஏனையோர் ஆசிரியர்கள். வீட்டில் ஒருமுறை படித்து வருவது, கூடியபின் ஒருவர் உரக்க வாசிப்பது, வாசித்து முடித்த பின்னரே பேசுவது என விதி வகுத்துக்கொண்டோம்.

நாவல் ஜப்பானியப் படைகள் மெடானுக்குள் நுழையும் நாளில் தொடங்குகிறது. அது 1942 மார்ச் மாதம். டச்சுத் தெருப்பெயர்களும் மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைக் குழூஉக்குறிகளும் விளக்கமின்றி வந்து விழுகின்றன. தனியே படித்த போது எங்களுள் மூவர் இத்தொடக்கத்தைத் தாண்டாமலே நூலை மூடி வைத்தவர்கள். வட்டத்தில் அமர்ந்ததும் நிலைமை மாறிற்று. 'மொஸ்கி ஸ்ட்ராட்' என்ற தெருப்பெயர் வந்தபோது, அது பள்ளிவாசல் தெரு என்பதையும், மஸ்ஜித் எனும் அரபுச் சொல்லே ஐரோப்பிய நாவுகளில் உருமாறி டச்சில் மொஸ்கி ஆயிற்று என்பதையும் அரபு அறிந்தவர் சொன்னார். மலாய்ச் சொற்களைப் பினாங்கு முதியவர் பொருள் கூறினார். மலாயர் கடையைக் 'கெடை' என்பதும், கப்பலைக் 'கபால்' என்பதும், நேரத்தை 'வக்து' என்பதும் அவர் வாயிலாகவே எங்களுக்குத் தெரிந்தன. முன்னிரண்டும் தமிழ் கொடுத்தவை. மூன்றாவது அரபு கொடுத்தது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்னும் வட்டிக்கடைப் படிநிலைகளை ஏலக்காய் வணிகர் தம் தொழிலின் பழைய கணக்குப்பிள்ளை முறையோடு ஒப்பிட்டு விளக்கினார். சொல்லுக்கு ஒருவர் உரிமையாளரானார். முழு நூலுக்கு எவரும் உரிமையாளர் ஆகவில்லை.

இங்கே நாவலின் கடினம் எத்தகையது என்பது தெளிவாகிறது. தத்துவச் சுமையாலோ வேண்டுமென்றே செய்த மறைப்பாலோ வந்த கடினம் அன்று அது. மெடான், பினாங்குத் துறைமுகத் தெருவில் தமிழரும் சீனரும் மலாயரும் அரபியரும் ஒரே வேளையில் பேசும் பேச்சை எவரும் மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை. அங்கு போய் இறங்கிய பதினெட்டு வயதுப் பையனுக்கும் யாரும் கொடுக்கவில்லை. அவன் பட்ட திகைப்பை வாசகனும் படவேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் அடிக்குறிப்பை மறுத்தார் என்று கொள்வதே பொருத்தம்.

பாண்டியன் ஊரையும் மதுரைத் தெருக்களையும் நினைவில் நடந்து பார்க்கும் பகுதிகள் எங்களை வேறு விதமாகத் தொட்டன. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான்; அதற்கு முன் இப்பள்ளத்தாக்கு மதுரை மாவட்டமே. பத்திரம், வழக்கு, மருத்துவம், திருமணத் துணி என எல்லாவற்றுக்கும் மதுரைக்குப் பேருந்தேறியவர்கள் எங்கள் மூத்தோர். எனவே அப்பகுதியை வாசிக்கையில் தெருக்களின் வரிசையைச் சரிபார்க்கும் ஆர்வம் மிகுந்தது. ஆனால் பேராசிரிய நண்பர் ஒன்றைச் சுட்டினார்: இது ஊர்ப்பற்று பாடும் இடமன்று, திரும்ப இயலாதவன் தன் இழப்பைக் கணக்கெடுக்கும் இடம். வட்டிக்கடையில் பேரேடு எழுதிப் பழகியவன் நினைவையும் பேரேடாகவே எழுதுகிறான். அந்த அத்தியாயத்தின் நீண்ட பட்டியல்கள் அதன்பின் சலிப்பூட்டவில்லை.

மலாக்கா நீரிணையில் தொங்கான் புயலில் சிக்கும் அத்தியாயத்தை மௌனமாகப் படித்தவர்கள், நிறுத்தற்குறிகள் ஒழுங்கில்லை என்று குறை கூறினார்கள். உரக்க வாசித்ததும் அக்குறை நீங்கிற்று. வாக்கியம் மூச்சுக்கு ஏற்ப உடைகிறது. வினைமுற்று வருமுன் அடுத்த அலை வந்து விடுகிறது. இபாரத்தை வாயால் வாசித்தாலன்றி நஹ்வு விளங்காது என்று உஸ்தாதுகள் கண்டித்ததன் பொருளைத் தமிழ் நாவலொன்று எங்களுக்கு மீண்டும் உணர்த்திற்று.

பெரிய விவாதம் பினாங்குப் பகுதியில் எழுந்தது. மது அருந்தியபடி பாண்டியனும் மாணிக்கமும் நண்பர்களும் தமிழ் இலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் பகடி செய்யும் இடம் அது. போதையும் பரத்தையர் தெருவும் நிறைந்த பக்கங்களை நாம் கூடி அமர்ந்து உரக்க வாசிப்பது தகுமா என இமாம் கேட்டார். கேள்வி நியாயமானது; அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. விடை நம் பாடத்திட்டத்திலேயே இருந்தது. பஸராவின் ஹரீரி (1054-1122) இயற்றிய மகாமாத் தலைமுறை தலைமுறையாக மத்ரஸாக்களில் ஓதப்படும் நூல். அதன் 12ஆம் மகாமாவில் அபூஸைத் அஸ்ஸரூஜி பயணக் கூட்டத்துக்குப் பாதுகாப்பு துஆக்களைக் கற்பித்து வழிகாட்டிச் செல்கிறான். பயணம் நலமாக முடிந்து பரிசில் கைக்கு வந்ததும் அவன் நேரே சென்றடைவது மதுக்கடையை. கதைசொல்லியான ஹாரிஸ் பின் ஹம்மாம் அவனை அங்கே கண்டு திடுக்கிடுகிறான். இதை ஓதிய மாணவர் எவரும் மதுவின் பக்கம் சாய்ந்ததாக உஸ்தாதுகள் அஞ்சவில்லை. நாவன்மையும் நேர்மையும் ஒரே மனிதனிடம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை என்ற பாடத்தை வேறெங்கும் அவ்வளவு கூர்மையாகக் கற்பிக்க முடியாது. சிங்காரத்தின் மதுமேசையும் அத்தகையதே. தம் முன்னோரின் சொற்செல்வத்தைப் பேசிக் களிக்கும் இளைஞர்கள், அச்செல்வம் தமக்கு எதையும் தராததால்தான் கடல் கடந்து வந்து அடுத்தாள் வேலை பார்க்கிறார்கள். பகடி நூல்களின் மீதன்று. பெருமையைச் சோறாக உண்ணும் பழக்கத்தின் மீது. இமாம் தம் ஐயத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் வாசிக்கும் முறையை அவரே ஏற்றார்.

அப்பகடி நம் சமூகத்தையும் விட்டுவைப்பதில்லை. தமிழ் முஸ்லிம்களின் கடல் வணிகம் குறித்து நாமும் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறோம். பினாங்கில் 1801இல் நிறுவப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், சூலியா வணிகரின் கப்பல்களையும், கொடைகளையும் பட்டியலிட்டிருக்கிறோம். அவை உண்மையே. ஆனால் அக்கப்பல்களில் ஏறிப்போன பெட்டியடிப் பையன்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? கடற்கரை ஊர்களில் சபராளி என்பார்களே, அவர்களுள் திரும்பி வந்தவர்களுக்கு வீடும் பெயரும் உண்டு. திரும்பாதவர்களுக்கு ஜனாஸா தொழுகைகூட எங்கே நடந்தது என்று சொல்ல ஆளில்லை. சிங்காரம் எழுதியது நம் சமூகத்தின் கதையன்று. எனினும் அதே கடலையும் அதே தெருக்களையும் எழுதிய அவர், வெற்றி பெற்றவனின் வரலாற்றை எழுதாமல் விட்டார். இந்நாவல் நம்மிடம் வைக்கும் கடினமான கேள்வி இதுவே. மலாய்ச் சொற்கள் அன்று.

ஹரீரியோடு வைத்து நோக்கும்போது முடிவின் வேறுபாடும் புலனாகிறது. அபூஸைத் பகைவர் வசமான சரூஜைப் பிரிந்து ஊர்ஊராய் அலைபவன். பாண்டியன் போரால் அலைக்கழிக்கப்பட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, ஜப்பானின் சரணாகதிக்குப் பின் சுமத்ராவில் இந்தோனேசியரோடு நின்று டச்சுக்காரரை எதிர்ப்பவன். இருவரும் சொல்லால் பிழைப்பவர்கள், வேடம் மாற்றுபவர்கள். ஆயினும் 50ஆம் மகாமாவில் பஸராவின் பள்ளிவாசலில் அபூஸைத் தவ்பா செய்கிறான். அலைச்சலுக்கு ஒரு கரை கிடைக்கிறது. பாண்டியனுக்குத் தவ்பாவும் இல்லை, கரையும் இல்லை. டச்சுக்காரரின் குண்டு முடிவைத் தருகிறது. இதைக் குறை என்போரும் எங்களுள் இருந்தனர். நம் கருத்து வேறு. மனந்திரும்ப அவகாசம் கிடைக்கப்பெற்றவனின் கதையை ஹரீரி சொன்னார். அவகாசமே கிடைக்காமல் போன பல்லாயிரவரின் கதையைச் சிங்காரம் சொன்னார். பின்னதைச் சொல்லும்போது கரையைக் காட்டுவது பொய்யாகிவிடும்.

நாவலின் குறைகளையும் மறைக்கலாகாது. பெண்கள் பெரும்பாலும் பாண்டியனின் பார்வைக்குள் வந்து மறைகிறார்கள். அவர்களுடைய குரல் நிலைப்பதில்லை. நாயகனின் துணிவும் திறமையும் சிற்சில இடங்களில் சாகசக் கதைக்குரிய மிகையாகின்றன. ஒப்பிட்டால் 'கடலுக்கு அப்பால்' எளியது. வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதத்தை விரும்பிய செல்லையா, ராணுவத்துக்குப் போனதாலேயே அவளை இழக்கிறான். அந்த ஒரு துயரத்தை விட்டு அகலாத அந்நாவலின் அடக்கம் பின்னதில் இல்லை. ஆகவே புதிதாய் நுழைபவர்கள் 'கடலுக்கு அப்பால்' நாவலை முதலில் ஓதுவது நலம். வட்டிக்கடையின் சொல்லும் முறையும் அதில் பழகிவிடும்.

நம் முறைக்கும் எல்லை உண்டு. வாரம் ஓர் அத்தியாயம் என்னும்போது நாவலின் வேகம் தடைப்படுகிறது. போரின் மாதங்கள் ஒன்றையொன்று துரத்தும் விரைவை நாங்கள் இழந்தோம். தக்ரார் முடிந்தபின் மூலத்தை ஒருமுறை தொடர்ச்சியாக ஓதிவிடும் பழக்கமும் மத்ரஸாவில் இருந்ததுதான். அதையும் மேற்கொண்டபோது, முன்பு தனித்தனிச் சொல்லாக நின்றவை ஒரே ஓட்டமாயின.

ஹரீரியின் மகாமாத்துக்கு ஷரீஷி போன்றோர் எழுதிய விரிந்த ஷரஹுகள் உண்டு. சொல் ஒன்றும் கைவிடப்படவில்லை. சிங்காரத்தின் நாவலுக்கும் அத்தகைய உரை வேண்டும். அதற்குத் தேவையான சொற்பொருளும் தொழில்முறையும் நூலகங்களைவிட, மலாயாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் திரும்பிய முதியவர்களின் நினைவில்தான் அதிகம் உள்ளன. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அவ்வாறு திரும்பியோர் இன்று மிகச் சிலரே. அவர்களை அருகில் அமர்த்தி, நூலை மடியில் விரித்து, சொல் சொல்லாகக் கேட்டு எழுதிக்கொள்வது இளம் ஆய்வாளர் செய்யத்தக்க முதற்பணி என்று கருதுகிறோம்.