கிட்டாரோடு வந்த மெமரி போயம்

2025 பிப்ரவரி 5ஆம் தேதி சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரன் பாடிக்கொண்டிருந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறினார். ‘ஷேப் ஆஃப் யூ’வுக்குள் ‘ஊர்வசி’ புகுந்தது. கூட்டம் இரண்டையும் சேர்த்தே பாடியது. இத்தனை பேர் வரி பிசகாமல் பாடுகிறார்களே, இவர்களுக்கா இங்கிலீஷ் வராது என்று அந்த வீடியோவைப் பார்த்துப் பூரித்தவர்கள் உண்டு. அந்தப் பூரிப்பு ஒரு பாடமுறையாகவே வளர்ந்து நிற்கிறது. கிராமர் வேண்டாம், புத்தகம் வேண்டாம், பீட்டில்ஸும் அடேலும் கோல்ட்பிளேயும் போதும் என்று சொல்லும் ரீல்ஸ் வருகின்றன. பாட்டை ஓடவிட்டு விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. ஆண்டு விழாவில் ஒரு ஆங்கிலப் பாட்டு பாடிவிட்டால் பள்ளியின் தரம் உயர்ந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்களும் இருக்கின்றன. யாராவது சந்தேகம் கிளப்பினால் கைவசம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: தாய்மொழியை நாம் இலக்கணம் படித்தா கற்றோம், கேட்டுக் கேட்டுத்தானே?

இந்த வாதம் தச்சநல்லூர் வரை வந்து சேர்ந்திருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. ஷீரன் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தவர்களில் பலருடைய வீட்டில் இங்கிலீஷ் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பாட்டு ஒரு கூடுதல் சந்தோஷம். நெல்லை மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றான தச்சநல்லூரிலிருந்து ஜங்ஷனுக்கு பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு இங்கிலீஷ் தேவைப்படும் இடங்கள் வேறு. மதுரைச் சாலையில் வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு இன்டர்வியூ. நர்சிங் முடித்து வெளிநாடு போவதென்றால் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு. இல்லையென்றால் ஏதோவொரு கஸ்டமர் கேர் வேலை. எல்லா இடத்திலும் எதிரே ஒருவர் உட்கார்ந்து, அல்லது போனின் மறுமுனையில் இருந்து, கேள்வி கேட்பார். உடனே பதில் வரவேண்டும்.

பாட்டால் பயனே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு அதுவரை அறிமுகமில்லாத ஹங்கேரிய மொழியில் சில தொடர்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் பேச்சாகச் சொல்லிப் பழகினார்கள், இன்னொரு பிரிவினர் தாளத்தோடு சொன்னார்கள், மூன்றாவது பிரிவினர் பாடினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி பாடியவர்களுக்கே தொடர்கள் கூடுதலாக நினைவில் நின்றன. கூச்சம் போகும், காது பழகும், வகுப்பு கலகலப்பாகும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

பிரிட்டிஷ் பாடகர்களைக் கேட்டால் பிரிட்டிஷ் உச்சரிப்பு வரும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல் மட்டும். இங்கிலாந்தின் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1983இல் எழுதிய கட்டுரையில், பிரிட்டிஷ் பாப் பாடகர்கள் பாடும்போது அமெரிக்கர்களைப் போல உச்சரிக்க முயல்வதை எண்ணிக் காட்டினார். லிவர்பூல்காரர்களான பீட்டில்ஸ் தங்கள் பேச்சில் விட்டுவிடும் ‘ர்’ ஒலியை ஆரம்பகால ஆல்பங்களில் அமெரிக்கப் பாணியில் போட்டுப் பாடினார்கள். பிந்தைய ஆல்பங்களில் அது குறைந்தது. டாட்டன்ஹாமில் பிறந்த அடேல் பேட்டியில் பேசுவதையும் பாடுவதையும் அடுத்தடுத்துக் கேட்டால் இருவேறு ஊர்க்காரர்கள் போலிருக்கும். போதாததற்கு, தமிழருக்கு இங்கிலீஷில் சிக்கலே அசை அழுத்தம்தான். ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பது நமக்கு இயல்பாக வராது. பாட்டோ விழுங்க வேண்டிய அசையை மெட்டுக்காக இழுத்து நீட்டுகிறது. கேள்விக் குரலும் பதில் குரலும் மெட்டுக்குள் கரைந்துபோகின்றன.

இலக்கணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிங்க் ஃபிளாய்டின் 1979ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள் கல்வியே வேண்டாம் என்று கோரஸாகப் பாடுகிறார்கள். அதுவும் இரட்டை எதிர்மறையில். தெருப் பேச்சில் அது சகஜம், பாட்டுக்கும் அழகு. ஆனால் நம் விண்ணப்பக் கடிதத்தில் வந்தால் சிவப்பு மை.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. பாட்டு பதிலை எதிர்பார்ப்பதில்லை.

பாட்டு வழி மொழி கற்பித்தலுக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய டிம் மர்ஃபி, 1992இல் ஐம்பது பாப் பாடல்களை ஆராய்ந்து எழுதினார். ‘நான்’, ‘நீ’ என்ற சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்த நானும் நீயும் யார், எந்த ஊர், எந்த நேரம் என்பதற்குப் பெரும்பாலும் குறிப்பே இல்லை. சொற்கள் எளியவை, திரும்பத் திரும்ப வருபவை. இந்தத் தெளிவின்மையை அவர் பலமாகப் பார்த்தார், ஏனென்றால் கேட்பவர் தன் வாழ்க்கையை அதில் நிரப்பிக்கொள்ளலாம். ரசனைக்கு அது உண்மைதான். மொழி கற்பவருக்கு அதுவே வினையாகிறது. மர்ஃபி ஆராய்ந்த பாடல்களில் வரும் ‘நீ’ ஒருபோதும் வாயைத் திறப்பதில்லை. ‘என்ன சொன்னீங்க, புரியலையே’ என்று கேட்பதில்லை. மறுப்பதில்லை, விலை பேசுவதில்லை, தப்பான கவுன்ட்டரில் நிற்பதாகச் சொல்வதில்லை. ஒருவர் தன் மனதைக் கொட்டுகிறார், மெட்டு முடிகிறது, கைதட்டல். நேற்று ஏன் தாமதமானது என்று மேலாளரிடம் விளக்குவதற்கோ, நோயாளிக்கு மாத்திரை முறையைச் சொல்வதற்கோ வேண்டிய வாக்கியம் காதல் பாட்டில் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. பொதுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் மெமரி போயம் என்று ஒரு கேள்வி வரும். கமாவைக்கூட விடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய லட்சக்கணக்கானவர்கள் இந்த மாநிலத்தில் உண்டு. அவர்களில் எத்தனை பேரால் வழி தெரியாமல் நிற்கும் ஒரு வெளியூர்க்காரருக்கு நெல்லையப்பர் கோயிலுக்குப் போக இங்கிலீஷில் வழி சொல்ல முடிந்தது? மனப்பாடத்தின் மீது கோபப்பட்டுத்தான் பாட்டு முறையே பிறந்ததாக அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். செய்வது என்னவோ அதே மனப்பாடம்தான். வரிகளை ஒப்பிப்பது, விட்ட சொல்லை நிரப்புவது, ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்வது. மெமரி போயத்துக்கு கிட்டார் மாட்டிவிட்டால் அது உரையாடலாகிவிடாது.

லதா மங்கேஷ்கர் ‘சத்யா’வில் (1988) பாடிய ‘வளையோசை’யைத் தமிழர்கள் இன்றும் உருகிக் கேட்கிறார்கள். அதைப் பாடியதால் அவருக்குத் தமிழ் பேச வந்துவிட்டது என்று யாராவது நினைத்ததுண்டா? வடக்கிலிருந்து வந்து நம் நாயகிகளுக்கும் நாயகர்களுக்கும் குரல் கொடுத்தவர்கள் தேவநாகரியில் எழுதிவைத்துக்கொண்டு பாடியதை வைத்து நாம் மொழிப்பாடத் திட்டம் எதுவும் வகுக்கவில்லை. பீட்டில்ஸும் அதைச் செய்திருக்கிறார்கள். 1964 ஜனவரியில் பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் தங்கள் இரண்டு வெற்றிப் பாடல்களை ஜெர்மன் வார்த்தைகளோடு பதிவுசெய்தார்கள். வார்த்தைகளை எழுதித் தந்தவர் வேறொருவர். அவர்களுக்குக் கொஞ்சநஞ்சம் ஜெர்மன் பேச வந்திருந்தால் அதற்குக் காரணம் அந்தப் பதிவல்ல, அதற்கு முன் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவு இரவாக ஆட்களோடு பழகிய நாட்கள்தான்.

நெல்லைக்கு இதில் இன்னும் பழைய சாட்சி இருக்கிறது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் ஆலயம் 1826லிருந்து நிற்கிறது. இங்கிலாந்தின், ஜெர்மனியின் மெட்டுகள் தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்துச் சபைகளில் ஒலிக்கின்றன. மெட்டு அங்கிருந்து வந்தாலும் பாமாலையின் சொற்கள் தமிழாயின. டிசம்பரில் இங்கிலீஷ் கேரலும் பாடுகிறார்கள், நான்கு குரல் பிரித்து, அருமையாக. அப்படிப் பாடுகிறவர்கள் எல்லாருக்கும் அதனாலேயே இங்கிலீஷ் பேச வந்திருந்தால், தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரெடுத்த பாளையங்கோட்டையில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுகூடத் தொங்கியிருக்காது. 1820இல் இங்கே வந்த மிஷனரி ரேனியஸ் தமிழ் கற்றதும் புலவர்களோடு உட்கார்ந்து, ஜனங்களோடு பேசித்தான்.

தாய்மொழி வாதத்துக்கு வருவோம். கேட்டுக் கேட்டே மொழி வரும் என்பதற்கு மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷனின் பெயரைச் சொல்வார்கள். புரியக்கூடிய மொழியைப் போதிய அளவு கேட்டால் அது தானாகப் படியும் என்று அவர் 1980களில் எழுதினார். அதற்கு மறுப்பு அதே காலத்தில் கனடாவிலிருந்து வந்தது. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு வழியிலேயே படித்தார்கள். காலை முதல் மாலை வரை பிரெஞ்சு. கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்தவர்கள், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியே இருந்தார்கள். 1985இல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் இதற்குச் சொன்ன காரணம், அந்தப் பிள்ளைகள் வாய் திறந்து, தட்டுத்தடுமாறி, எதிராளிக்குப் புரியவைக்கப் போராடும் வாய்ப்பு குறைவாக இருந்தது என்பதே. நாள் முழுக்க ஆசிரியர் பேசுவதைக் கேட்டவர்களுக்கே இந்தக் கதி. நாளுக்கு இரண்டு பாட்டு கேட்கிறவர் நிலை என்ன? தமிழ்க் குழந்தையும் தாலாட்டில் தமிழ் கற்பதில்லை. தாலாட்டு அதைத் தூங்கவைக்கிறது. ‘சோறு வேணுமா?’ என்று ஆச்சி கேட்டு, அது ‘வேணாம்’ என்று முகத்தைத் திருப்பும்போதுதான் மொழி உள்ளே போகிறது.

ஆதரவாளர்கள் காட்டும் பிரபல உதாரணங்களும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. கொரியாவின் பி.டி.எஸ். இசைக்குழுவின் ஆர்.எம். ‘ஃபிரண்ட்ஸ்’ தொடர் பார்த்து இங்கிலீஷ் கற்றதாகச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். முதலில் கொரிய சப்டைட்டிலோடு, பிறகு ஆங்கில சப்டைட்டிலோடு, கடைசியில் எதுவுமில்லாமல் பார்த்தாராம். அது பாட்டல்ல, ஆறு பேர் ஓயாமல் ஒருவரையொருவர் வெட்டிப் பேசும் நாடகம். நம்மவர்களுக்கு நெருக்கமான உதாரணம் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, பத்துப் பதினோரு வயதில் அகதியாக லண்டன் போய் இங்கிலீஷ் கற்று, பிரிட்டிஷ் இசையிலேயே பெயர் பொறித்தவர். ஹிப்ஹாப் அவருக்குக் கை கொடுத்திருக்கலாம். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் பள்ளி, பக்கத்து வீடு, கடை என்று அந்த ஊரே அவரிடம் கேள்வி கேட்டது, பதில் சொன்னாக வேண்டியிருந்தது. தச்சநல்லூரில் அந்தத் தெரு இல்லை. பாட்டை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு லண்டனை விட்டுவிட்டோம்.

ஒரு வேடிக்கை: நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து ரசித்த பிரிட்டிஷ் நிகழ்ச்சி ‘மிஸ்டர் பீன்’, அதில் வசனமே கிடையாது என்று சொல்லலாம். அதற்குப் பதில் ‘பெப்பா பிக்’ பார்க்கும் பாலர் வகுப்புக் குழந்தைக்கு ஐந்து நிமிடத்தில் கேட்பது, மறுப்பது, மன்னிப்பு கேட்பது எல்லாம் காதில் விழுந்துவிடுகிறது. அந்தப் பன்றிக்குட்டி ஷீரனை விட நல்ல வாத்தியார் என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்தும் பாட்டு ஏன் வகுப்பறையில் செல்லப்பிள்ளையாக இருக்கிறது? காரணம் கொஞ்சம் கசப்பானது. பாட்டு போட்டால் ஆசிரியர் பேச வேண்டாம். நாற்பது பேரும் சேர்ந்து பாடும்போது யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று தெரியாது. பிழை திருத்தும் வேலை இல்லை, பெற்றோருக்குக் காட்ட வீடியோவும் கிடைக்கிறது. ‘ஷேப் ஆஃப் யூ’ ஒரு பாரில் தொடங்கும் கதை என்பதைக்கூட விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். கடைசிப் பகுதியில் தேர்வாளர் விடாமல் ஏன், எப்படி என்று துருவுவார். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவுசெய்ய அதில் 7 வாங்க வேண்டும். அந்த அறையில் கோரஸ் கிடையாது.

ஷீரனையே வைத்துப் பாடம் நடத்தித்தான் தீருவேன் என்பவருக்கு நல்ல சரக்கு வேறிடத்தில் இருக்கிறது. சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய். ஒன்பது வயதில் அப்பா வாங்கித் தந்த எமினெம் ஆல்பத்தை முழுக்க மனப்பாடம் செய்து வேகமாகச் சொல்லிச் சொல்லியே திக்கல் போனது என்று 2015இல் நியூயார்க்கில், திக்குவாய்க்காரர்களுக்கான ஒரு நிறுவனத்தின் விழாவில் பேசினார். பாட்டின் ஆதரவாளர்கள் இதைத் துள்ளிக் குதித்து மேற்கோள் காட்டலாம். ஆனால் அவருக்குச் சொல்ல விஷயமும் மொழியும் ஏற்கெனவே இருந்தன, நாக்குதான் தடுத்தது. நம் பிள்ளைக்கு நாக்கில் தடையில்லை. அந்தப் பேச்சை வகுப்பில் போட்டு, பாதியில் நிறுத்தி, வகுப்பில் ஒருவன் கேலிக்கு ஆளானால் என்ன செய்வீர்கள் என்று நான்கு பேரைப் பேசச் சொல்லி, ஐந்தாவது ஆளை அவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லலாம். பாட்டென்றால் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்கு ஒரு பீரியட் முழுக்க வேண்டும், ஆசிரியரும் இங்கிலீஷில் பேசியாக வேண்டும்.